மகரந்தம் இல்லாத தூசி

அத்தியாயம் 4

துப்பறியும் நிலையத்துக்கு வருகிறவர்கள் வழக்கமாகக் காணாமல் போன கணவனைத் தேடச் சொல்வார்கள். அல்லது காணாமல் போகாத கணவன் தேடிக்கொண்டவளைத் தேடச் சொல்வார்கள். யோம் போக்ரே அம்மாள் ஒரு கிம்ச்சி டப்பாவை மேஜைமேல் வைத்தாள். மூடியைத் திறந்தாள்.

"இது எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சுக் குடுங்கம்மா."

டப்பாவுக்குள் தூசி இருந்தது. வெறும் தூசி. சாம்பல் நிறத்தில், அடி மறைகிற அளவுக்கு.

தாக் மான்சு எட்டிப் பார்த்தான். "கிம்ச்சி கொஞ்சம் ஓவரா புளிச்சிருச்சு போலிருக்கே."

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றாள் பியோ யோன்ஜா.

கொரியாவின் காங்னுங் நகரில், டோஃபு சூப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்த நிலையத்தில் மொத்தம் இரண்டே பேர். யோன்ஜாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்யான தீ விபத்துகளைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து அலுத்துப்போய், சொந்தமாக போர்டு மாட்டியவள். மான்சு நாற்பதைத் தாண்டியவன். டிவியில் அரிசிக் குக்கர் விற்கிற நிகழ்ச்சியில் பேசிக்கொண்டிருந்தான். அங்கே அளவுக்கு மேல் பேசியதால் இங்கே வந்து சேர்ந்தான். இங்கேயும் அளவு குறையவில்லை.

"அம்மா, தூசி எல்லார் வீட்லயும்தானே வருது" என்றாள் யோன்ஜா.

"எனக்குத் தெரியாதா? எழுபத்து நாலு வயசு வரைக்கும் தூசி தொடைச்சவ நான்." போக்ரே அம்மாளின் முதுகு நேராக இருந்தது. சட்டைக் காலரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "காலையில எந்திரிச்சு வீடு பூரா தொடைக்கிறேன். அப்புறம் ஆத்தோரம் போய் சுத்தியலால பந்து தட்டி கேட்பால் ஆடறேன். திரும்பி வந்து பாத்தா பீரோ மேல, டிவி மேல, சாப்பாட்டு மேஜை மேல எல்லாம் இவ்ளோ தூசி. வருஷக்கணக்கா பூட்டிக் கெடந்த வீடு மாதிரி. ஒரு மாசமா இதே கதை."

"தினமுமா?"

"விட்டு விட்டு. நாளைக்கு வராதுன்னு நெனப்பேன், வந்திருக்கும்."

மான்சு உட்கார்ந்தான். "போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். அந்தத் தம்பி என் வயசைக் கேட்டான். அப்புறம் எதையும் கேக்கல."

போக்ரே அம்மாள் டப்பாவை மூடினாள்.

"என் பிள்ளைங்க கோர்ட்ல மனு போட்டிருக்காங்க. எனக்கு நிதானம் போயிருச்சாம். வீட்டைப் பாத்துக்க முடியலையாம். இனிமே எதுவா இருந்தாலும் எனக்குப் பதிலா அவங்கதான் கையெழுத்துப் போடணுமாம். வியாழக்கிழமை கோர்ட்லேருந்து ஒரு அம்மா வீட்டைப் பாக்க வர்றா." டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இப்ப எனக்கே சந்தேகம் வந்திருச்சும்மா. நான் நெஜமாவே தொடைச்சேனா, தொடைச்சதா நெனச்சுக்கிட்டேனா?"

யோன்ஜா எழுந்து மேலங்கியை எடுத்தாள்.

"இன்னைக்குத் தூசி விழுந்துச்சா?"

"விழுந்திருக்கு. தொடைக்காம நேரா இங்க வந்துட்டேன்."

"நல்ல வேலை பண்ணீங்க. வாங்க, போய்ப் பாப்போம்."

போக்ரே அம்மாளின் வீடு சோதாங் பகுதியில், பைன் தோப்பை ஒட்டி இருந்தது. மே மாதத்தில் அந்தப் பக்கம் யாரும் துணி காயப்போட மாட்டார்கள். பைன் மரங்கள் மஞ்சள் பொடியை மூட்டை மூட்டையாகக் காற்றில் கொட்டுகிற காலம் அது. தெருவில் நின்ற கார்கள் எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன. வீட்டுக்காரர்கள் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்த நிறங்களை மரம் மதிக்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் யோன்ஜா முதலில் ஜன்னலருகே போனாள். விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். மஞ்சள்.

பிறகு பீரோ அருகே வந்து அதன்மேல் விரலை இழுத்தாள். சாம்பல்.

"மான்சு, இங்க வா. இதுல மஞ்சள் எங்க?"

மான்சு குனிந்து பார்த்தான். "இல்லையே."

"பைன் தோப்புப் பக்கத்துல வீடு. மே மாசம். ஜன்னல் தொறந்து கெடக்கு. வெளியிலேருந்து வந்த தூசியா இருந்தா மஞ்சளா இருக்கணும். இது இந்த வீட்டுக்குள்ள தானா வந்த தூசி இல்ல."

"அப்ப உள்ளேயே உண்டானதா?"

"உள்ள எதுலேருந்து உண்டாகும்?"

"அழுக்குலேருந்து."

"அழுக்கு எதுலேருந்து?"

மான்சு யோசித்தான். அவனுக்கு அது பழக்கமில்லாத வேலை. "மேடம், இது பரீட்சையா?"

"மனுஷன்லேருந்து" என்றாள் யோன்ஜா. "நம்ம தோல் உதிர்ந்துக்கிட்டே இருக்கு. சட்டையிலேருந்து நூல் உதிருது, தலையிலேருந்து முடி. மெத்தை, தலகாணி, போர்வை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாப் பொடியாகுது. செருப்போட மண் வருது, ஜன்னல் வழியா மரத்துத் தூள் வருது. எல்லாம் சேந்து படியறதுதான் வீட்டுத் தூசி. யார் வீடோ அவங்கதான் அந்தத் தூசி."

"அப்ப நான் வீட்டைக் கூட்டாம வெச்சிருக்கறது என் மேல நான் வெச்சிருக்கற மரியாதை."

போக்ரே அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள்.

யோன்ஜா பேசியபடியே கைப்பையிலிருந்து ஈரத் துடைப்புக் காகிதம் ஒன்றை எடுத்து பீரோவின் மேல் அழுத்தித் தேய்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். சாம்பல் நிறம் ஈரம் பட்ட இடத்தில் நீலமாக ஊறிக்கொண்டிருந்தது. நடுவே இரண்டு மூன்று இளஞ்சிவப்புப் புள்ளிகள் மின்னின.

"ஜிகினா" என்றான் மான்சு. "பாட்டுப் பாடற பார்ல ஆடற பொண்ணு யாராவது வந்து போயிருக்கா. விசாரணைக்கு நான் தனியாவே போறேன்."

"ஜிகினாவை அப்புறம் பாக்கலாம். நீலம் என்னன்னு சொல்லு."

மான்சு காகிதத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். கேலி முகம் கொஞ்சம் மாறியிருந்தது. "மேடம், இது எனக்குத் தெரியும். என் காலேஜ் படிப்பு முழுக்க இந்தக் கலர்லதான் போச்சு. பில்லியர்ட்ஸ் கோல் நுனியில தேய்க்கிற சாக்குக் கட்டி."

போக்ரே அம்மாள் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"என் மகன் பில்லியர்ட்ஸ் ஹால்தான் வெச்சிருக்கான்" என்றாள்.

யோன்ஜா காகிதத்தை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"அவனா இருக்கும்னு நெனச்சேன். ஒரு வருஷமா வீட்டை வித்துடு, காபிக் கடைக்காரன் கேக்கறான்னு பிச்சுப் பிடுங்கறான். மக அப்படி இல்ல. தங்கம். எவ்ளோ வேலை இருந்தாலும் வாரம் ஒரு தரம் தொடுகறி செஞ்சு டப்பா டப்பாவாக் கொண்டாந்து வெச்சுட்டுப் போவா." கண்களைத் துடைத்தாள். "மகன்தான்."

"வழக்கு முடிஞ்சுது" என்று மான்சு யோன்ஜாவின் காதருகே சொன்னான். "மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே முடிஞ்ச முதல் வழக்கு."

மகன் குவாக் தேயோங்கின் பில்லியர்ட்ஸ் ஹால் பேருந்து நிலையத்துக்கு எதிரே இரண்டாவது மாடியில் இருந்தது. ஆறு மேஜை. இரண்டில்தான் ஆட்டம் நடந்தது. ஜன்னல்கள் எல்லாம் விரியத் திறந்து கிடந்தன. வாசலிலேயே ஒரு பெரிய வெள்ளை நாய் படுத்திருந்தது. மான்சு அதைத் தாண்டுவதற்குள் அவனுடைய கறுப்புப் பேண்ட் பாதி வெள்ளையாகிவிட்டது.

தேயோங்குக்கு ஐம்பது வயதிருக்கும். தொப்பை மேஜையில் இடித்தது. கையில் கோல், காதுக்குப் பின்னால் பென்சில்.

யோன்ஜா சுற்றி வளைக்கவில்லை. "உங்க அம்மா வீட்ல யாரோ தூசி கொட்டறாங்க. அதுல பில்லியர்ட்ஸ் சாக்கு இருக்கு."

தேயோங் கோலைக் கீழே வைத்தான். "தூசி கொட்டறாங்களா? குப்பையைக் கொட்டுவாங்க, கேள்விப்பட்டிருக்கேன். தூசியை எதுக்குக் கொட்டணும்?"

"அம்மாவுக்குப் புத்தி தடுமாறுதுன்னு கோர்ட் நம்பணும், அதுக்கு."

"அந்த மனுவா?" தேயோங் பின்னந்தலையைச் சொறிந்தான். "தங்கச்சி ஒரு காகிதத்தை நீட்டினா, கையெழுத்துப் போட்டேன். அம்மா நல்லதுக்குன்னு சொன்னா. நான் கண்ணாடி போடல அன்னைக்கு."

"வீட்டை விக்கச் சொல்லி நச்சரிச்சீங்களாமே?"

"மூஞ்சிக்கு நேராக் கேட்டேன். மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னாங்க. அதுக்கு மேல என்ன பண்ண முடியும் மேடம்? எங்க அம்மாவை நீங்க பாத்தீங்கல்ல. அவங்களை ஏமாத்தி ஒரு கிண்ணம் சோறுகூட வாங்க முடியாது."

"அண்ணே, பேச்சு நல்லாத்தான் இருக்கு" என்றான் மான்சு. "ஆனா சாக்கு உங்களோடது."

யோன்ஜா இருவரையும் கவனிக்கவில்லை. மூலையிலிருந்த பாட்டில் அலமாரியின் மேல் இன்னொரு ஈரக் காகிதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து இரண்டு காகிதங்களையும் மேஜையின் பச்சைத் துணியின்மேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள்.

"இது இந்த ஹால் தூசி. இது அம்மா வீட்ல விழுந்த தூசி. ரெண்டுலயும் நீலம் இருக்கு. வேற என்ன?"

மான்சு பார்த்தான். ஹால் தூசியில் மஞ்சள் பொடி அப்பியிருந்தது. வெள்ளை நாய்முடி கம்பளமாகப் பின்னியிருந்தது. அம்மா வீட்டுத் தூசியில் மஞ்சளும் இல்லை, முடியும் இல்லை.

மான்சு தன் பேண்டைப் பார்த்துக்கொண்டான். "இந்த ஹால்லேருந்து இந்த நாய்முடி இல்லாம ஒரு தூசியை வெளிய கொண்டுபோக முடியாது."

"முடியாது. அப்ப இது இங்கேருந்து அள்ளினது இல்ல. இங்க தினம் ஆடற யாரோ ஒருத்தர் சட்டைக் கையிலயும் விரல்லயும் சாக்கை ஒட்டிக்கிட்டு வீட்டுக்குப் போறாரு. அந்த வீட்டுத் தூசி இது. ஜன்னலே தொறக்காத வீடு. உசரமான அபார்ட்மென்ட்டா இருக்கும், காத்துச் சுத்தம் பண்ற மெஷின் ஓடும். அதனாலதான் மகரந்தம் இல்ல." யோன்ஜா இளஞ்சிவப்புப் புள்ளியைக் காட்டினாள். "அந்த வீட்ல ஜிகினாவும் உதிருது. மான்சு சொல்ற ஆட்டக்காரி இல்லைன்னா, வேற யாரு ஜிகினா ஒட்டுவா?"

தேயோங் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏழு வயசுப் பொண்ணு ஒட்டுவா" என்றான் கடைசியில். "அவ கை ரெண்டும் எப்பவும் மினுமினுன்னு இருக்கும். ஃபிரிட்ஜ்ல ஒட்டுவா, தம்பி தலையில ஒட்டுவா. போன சுசோக் பண்டிகைக்கு என் மொட்டைத் தலையிலயே ஒட்டிட்டா."

"யாரு?"

"என் தங்கச்சி மக." தேயோங் நாற்காலியில் உட்கார்ந்தான். "மாப்பிள்ளை தினம் சாயங்காலம் இங்கதான் ஆடறாரு. தங்கச்சிகிட்ட ஆபீஸ்ல ஓவர்டைம்னு சொல்லியிருக்காரு. தயவுசெஞ்சு இதை நான் சொன்னதாச் சொல்லிடாதீங்க."

"தங்கம்" என்றான் மான்சு மெதுவாக. "அம்மா அப்படித்தான் சொன்னாங்க."

"யாங்மிக்கு வீடெல்லாம் வேண்டாம் மேடம். அவகிட்ட நல்ல வீடு இருக்கு, பதினேழாவது மாடியில." தேயோங் தயங்கினான். "அம்மா உங்ககிட்ட கல்யாண விஷயத்தைச் சொல்லலியா?"

"யார் கல்யாணம்?"

"அம்மா கல்யாணம்தான். கேட்பால் கோஷ்டியில ஹியோன்னு ஒருத்தர். ரயில் ஓட்டினவரு. தங்கமான மனுஷன், பில்லியர்ட்ஸும் சுமாரா ஆடுவாரு. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. யாங்மிதான் அன்னைக்கு முழுக்க அழுதா."

படி இறங்கும்போது மான்சு பேண்டைத் தட்டிக்கொண்டே வந்தான்.

"மேடம், கோர்ட் அவங்களுக்கு நிதானம் இல்லைன்னு சொல்லிட்டா?"

"மக சம்மதம் இல்லாம கல்யாணத்தைப் பதிய முடியாது."

"அம்மாகிட்ட இதை யாரு சொல்றது?"

"சொன்னா நம்ப மாட்டாங்க" என்றாள் யோன்ஜா. "அவங்களே பாக்கட்டும்."

மறுநாள் காலையில் போக்ரே அம்மாள் வழக்கம்போல வீட்டைத் துடைத்தாள். மகளுக்கு போன் செய்து, ஆட்டத்துக்குக் கிளம்புகிறேன் என்றாள். கிளம்பவில்லை. குளியலறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கேட்பால் சுத்தியல் மடியில் இருந்தது. யோன்ஜா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். மிச்சமிருந்த ஒரே இடம் மெத்தை அலமாரி. அதில் மான்சுவைச் சொருகியிருந்தார்கள்.

"மகன்தான் வருவான், பாத்துக்கிட்டே இருங்க" என்றாள் போக்ரே அம்மாள் உள்ளேயிருந்து.

கதவின் எண் பூட்டு பீப் பீப் என்றது.

உள்ளே வந்தவள் முதலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தாள். குற்றம் செய்ய வந்த இடத்திலும் வளர்ப்பு போகவில்லை. நாற்பத்தைந்து வயது, அலுவலக உடை, கையில் இரண்டு பைகள். ஒரு பையிலிருந்து தொடுகறி டப்பாக்களை எடுத்து ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் அடுக்கினாள். இன்னொரு பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையையும் மாவு சலிக்கிற சல்லடையையும் எடுத்தாள். பீரோ அருகே போனாள். உறையிலிருந்ததைச் சல்லடையில் கொட்டி, கேக்கின்மேல் சர்க்கரை தூவுகிற மாதிரி, கவனமாக, ஓரம் விடாமல் தட்டினாள்.

மெத்தை அலமாரி தும்மியது.

யாங்மியின் கையிலிருந்து சல்லடை நழுவியது. அலமாரிக் கதவு திறந்து, தலையில் போர்வையோடு மான்சு இறங்கினான்.

"மன்னிக்கணும். நீங்க நல்லா சலிக்கிறீங்க. மூக்கு தாங்கல."

யாங்மி வாசல் பக்கம் திரும்பினாள். அங்கே யோன்ஜா நின்றாள். இந்தப் பக்கம் திரும்பினாள். குளியலறைக் கதவருகே அவள் அம்மா நின்றாள்.

போக்ரே அம்மாள் மகளைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த சல்லடையைப் பார்த்தாள்.

"உன் கல்யாணத்துக்கு நான் வாங்கிக் குடுத்தது" என்றாள்.

"அம்மா..."

"அப்படின்னா எனக்குப் பைத்தியம் இல்ல." போக்ரே அம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒரு மாதமாக அடைத்து வைத்திருந்த மூச்சை விட்டாள். அவள் முகத்தில் முதலில் வந்தது நிம்மதிதான். கோபம் அதற்குப் பின்னால் வந்து நின்றது. "தொடைச்சிருக்கேன். நான் தொடைச்சிருக்கேன். ராத்திரியெல்லாம் படுத்துக்கிட்டு என் பேரை நானே சொல்லிப் பாத்தேன்டி. மறந்திருக்கேனான்னு."

யாங்மி அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்தாள். "பயமுறுத்தணும்னு நெனக்கலம்மா. தனியா இருக்க முடியலன்னு தோணும், என்கூட வந்து இருப்பீங்கன்னு நெனச்சேன். அப்பா போய் ரெண்டு வருஷம்கூட ஆகல. அதுக்குள்ள அந்த ஆளோட... என் ஆபீஸ்ல, அவர் வீட்ல, எல்லாரும் என்ன கேப்பாங்க? பிள்ளைங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

"தாத்தான்னு சொல்றது."

"அது எங்க அப்பா இல்லம்மா."

"இல்லதான். உங்க அப்பா என்னை ஒரு நாள்கூட ஆத்தோரம் நடக்கக் கூட்டிட்டுப் போனதில்ல. அது உனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்னு நான்தான் சிரிச்சுக்கிட்டே இருந்தேன்." குரல் உயரவில்லை. "நீ வெக்கப்படக் கூடாதுன்னு என்னைப் பைத்தியமாக்கப் பாத்தியா?"

யாங்மி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின. மான்சு தலையிலிருந்த போர்வையை எடுத்து மடிக்க ஆரம்பித்தான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே யோன்ஜா அவன் காலை மிதித்தாள்.

போக்ரே அம்மாள் பீரோ அருகே போனாள். புதிதாக விழுந்த தூசியை விரலில் எடுத்துப் பார்த்தாள்.

"ஏம்மா, இது எதுலேருந்து உண்டாகுதுன்னு சொன்னீங்க?" என்று யோன்ஜாவைக் கேட்டாள்.

"அந்த வீட்டு ஆளுங்கள்லேருந்துதான்மா. தோல், முடி, துணிநூல்."

"இவ வீட்டு ஆளுங்க?"

"ஆமா. இவங்க, மாப்பிள்ளை, பிள்ளைங்க."

விரல் நுனியில் ஒரு இளஞ்சிவப்புப் புள்ளி மின்னியது. போக்ரே அம்மாள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம்னு சொன்ன நாள்லேருந்து பேரப் பிள்ளைங்களை இவ என் கண்ணுலயே காட்டல. பரீட்சை, சளி, நீச்சல் வகுப்புன்னு தினம் ஒரு சாக்கு. அதுங்க ஒரு மாசமா விட்டு விட்டு இங்க வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு. நான்தான் தெரியாம கூட்டிக் கூட்டி வெளிய தள்ளியிருக்கேன்."

யாங்மி இப்போது சத்தமாகவே அழுதாள்.

போக்ரே அம்மாள் குனிந்து தூசி உறையை எடுத்தாள். வாயை இறுக்கி முடிச்சுப் போட்டாள். சல்லடையைத் தட்டிச் சுத்தம் செய்து அதன்மேல் வைத்தாள். இரண்டையும் மகளிடம் நீட்டினாள். யாங்மி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

"கோர்ட் மனு?"

"இன்னைக்கே வாபஸ் வாங்கிடறேம்மா."

"அண்ணனையும் கூட்டிட்டுப் போ. இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கிட்டு வரச் சொல்லு." போக்ரே அம்மாள் ஈரத்துணியை எடுத்து பீரோவைத் துடைக்கத் தொடங்கினாள். "இதை உன் வீட்டுக்கே எடுத்துட்டுப் போ. ஞாயித்துக்கிழமை ஆளுங்களைக் கூட்டிட்டு வா."

யாங்மி எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை அவரும் இருப்பாராம்மா?"

போக்ரே அம்மாள் துடைப்பதை நிறுத்தவில்லை.

"இருப்பாரு. இனிமே அவரும் இந்த வீட்லதான் உதிரப் போறாரு."